ஆற்றலைச் சீராக்கும் சீன மூலிகைகள்: எதை எதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

அக்குபஞ்சர் படித்துவிட்டுச் சீன மூலிகைப் பாடத்துக்கு வருபவர்கள் ஊட்ட மூலிகைகளையும் காய்ச்சல் மூலிகைகளையும் ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். 'சி' எனப்படும் ஆற்றலைச் சீராக்கும் வகைக்கு வந்ததும் திணறுகிறார்கள். இந்தப் பட்டியலில் ஆறேழு மூலிகைகள் எலுமிச்சைக் குடும்பப் பழங்களின் தோலோ பிஞ்சோதான். பெயர்களும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாக்கியத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூலிகைகளைப் பிரித்தறியப் படிப்பவர்களுக்காக எழுதியது இது. இதை வைத்துக்கொண்டு யாரும் தமக்குத் தாமே மருந்து கூட்ட வேண்டாம்.

ஆற்றல் தேங்கிவிட்டது என்கிறார்களே, அது உடம்பில் எப்படித் தெரியும்?

வலியின் தன்மையைக் கேளுங்கள். ஆற்றல் தேக்கத்தில் குத்தலைவிட உப்பலும் இறுக்கமும்தான் மேலோங்கும். வலி ஓரிடத்தில் நிற்காமல் நகரும். ஏப்பம் வந்தாலோ காற்றுப் பிரிந்தாலோ சற்றுத் தணியும். கோபமோ மனக்கவலையோ வந்தால் கூடும். ஓரிடத்திலேயே ஊசி குத்துவதுபோல் நின்று வலித்தால் சீன மருத்துவர் இரத்தத் தேக்கத்தை நினைப்பார். அதற்கு உரிய மூலிகைகள் வேறு.

தேக்கம் ஒன்று, எதிர்த்திசை ஓட்டம் மற்றொன்று. வயிற்றின் ஆற்றல் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் விக்கல், குமட்டல், வாந்தி. நுரையீரலின் ஆற்றலும் இறங்க வேண்டும். ஏறினால் இருமல், மூச்சிரைப்பு. இந்த இரண்டையும் இந்த வகை மூலிகைகளே கவனிக்கின்றன. 'சி' என்பது சீன மரபு உடலை விளக்கக் கையாளும் கருத்து. கருவியால் அளக்கும் பொருள் அல்ல. இந்தப் பக்கம் முழுவதும் அந்த மரபின் மொழியில்தான் பேசுகிறது.

எல்லா மூலிகைக்கும் 'ஆற்றலை நகர்த்தும், வலியைத் தணிக்கும்' என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் எதற்கு இத்தனை மூலிகை?

அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது இந்த வகை முழுவதற்கும் பொதுவான வரி. பெரும்பாலானவை காரமும் கசப்பும் கலந்தவை, மணமுள்ளவை, வெப்ப குணம் உடையவை. பொதுவானதை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

ஒவ்வொரு மூலிகையிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த இடத்தில் வேலை செய்கிறது? எவ்வளவு வலுவாக? எந்தத் திசையில், கீழே இறக்கியா, பக்கவாட்டில் விரித்தா? வெப்பமா, குளிர்ச்சியா? இந்த நான்குக்கும் ஒரே விடை தரும் இரண்டு மூலிகைகள் இந்தப் பட்டியலில் அரிது. முதல் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். அதனால்தான் கீழே வரும் விடைகளில் இடத்தையே முதலில் சொல்கிறேன்.

சென் பி, சிங் பி இரண்டும் ஒரே பழத்தின் தோல்தானே? ஏன் இரண்டு மருந்தாகக் கணக்கிடுகிறார்கள்?

ஆம், இரண்டும் கமலா ஆரஞ்சு இனத்தின் தோல்தான். முற்றிப் பழுத்த பழத்தின் தோல் சென் பி. பழுக்காத பச்சைக் காயின் தோலோ, தானாக உதிர்ந்த பிஞ்சோ சிங் பி. மரம் ஒன்று, பருவம் வேறு. பருவம் மாறியதும் போகும் இடமும் வலுவும் மாறிவிடுகின்றன.

சென் பி மண்ணீரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. மென்மையானது. சாப்பிட்டதும் வயிறு கனப்பது, பசியின்மை, குமட்டல், சளி நிறைந்த இருமல் ஆகியவை அதன் களம். ஈரத்தை உலர்த்திச் சளியைக் கரைப்பது அதன் தனித்திறன். சோங் அரசு காலத்து மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்ற 'அர் சென் தாங்' கஷாயத்தில் பான் சியா கிழங்கு, ஃபூ லிங் பூஞ்சை, அதிமதுரம் ஆகியவற்றோடு சென் பி சேர்வது இந்தச் சளிக்காகத்தான்.

சிங் பி கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் போகிறது. வலுவாக உடைக்கும். விலா வலி, மார்பில் கட்டி, விரை வீக்க வலி, உணவு செரிக்காமல் இறுகி நிற்பது ஆகியவற்றுக்கு உரியது. சளிக்கு அதைத் தேடுவதில்லை. வினிகரில் புரட்டி வறுத்தால் கல்லீரல் நோக்கிய வேலை கூடும் என்று பதப்படுத்தும் நூல்கள் சொல்கின்றன. கல்லீரலும் வயிறும் சேர்ந்து சிக்கிக்கொண்டவருக்கு இரண்டு தோல்களையும் ஒன்றாகவே கொடுப்பதுண்டு. வேலை வேறு என்பதால்தான் அப்படிச் சேர்க்க முடிகிறது.

சென் பி பழையதாக இருந்தே ஆக வேண்டுமா? வீட்டில் காயவைத்த ஆரஞ்சுத் தோல் போதாதா?

பழையதாக இருப்பதே நல்லது என்று சீன மரபு உறுதியாகச் சொல்கிறது. பழசாக்கிப் பயன்படுத்த வேண்டிய ஆறு மருந்துகளைச் சொல்லும் பழைய செய்யுளில் சென் பியும் ஒன்று. புதிய தோலில் காரமும் எண்ணெயும் தூக்கலாக இருக்கும். நாள்பட நாள்பட அந்த முரட்டுத்தனம் தணியும். குவாங்தோங் மாநிலத்தின் சின்ஹுவெய் வட்டாரத் தோலுக்குத் தனிப் பெயர் உண்டு. அங்கே மூன்று ஆண்டாவது இருப்பு வைத்ததையே சென் பி என்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் வயதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். பழைய தோல் கரும்பழுப்பாக, உலர்ந்து மடங்கி, கூர்மை தணிந்த ஆழ்ந்த மணத்தோடு இருக்கும். பூஞ்சை வாடை அடித்தால் அது பழமை அல்ல, கெட்டுப்போனது.

வீட்டுத் தோலைப் பற்றி: சந்தையில் வரும் பழத்தோலில் மெழுகும் பூச்சிக்கொல்லியும் படிந்திருக்கலாம். அதைக் காயவைத்தால் அவையும் சேர்ந்தே தங்கும். தேநீரில் மணத்துக்குப் போடுவது வேறு. மருந்தாக எடுத்துக்கொள்ள நான் பரிந்துரைப்பதில்லை.

ஜி ஷி, ஜி கே வித்தியாசம் எனக்கு எப்போதும் மறந்துபோகிறது.

இடத்தையும் வலுவையும் பற்றிக்கொண்டால் மறக்காது. இரண்டும் கசப்பு ஆரஞ்சின் காய்கள். ஜி ஷி பிஞ்சு, ஜி கே அதைவிட வளர்ந்த பச்சைக் காய். (ஜி கேயைச் சிலர் ஜி சியாவ் என்றும் உச்சரிப்பார்கள், இரண்டும் ஒன்றே.) பிஞ்சு முரடு: அடிவயிறு வரை இறங்கி, மலம் கட்டி வயிறு கல்லாக இருப்பதை உடைக்கும். வளர்ந்த காய் சாது: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இறுக்கத்தைத் தளர்த்தும். சிங் பி, சென் பி இணையிலும் இளையது முரடு, முற்றியது சாது என்பதைப் பார்த்தோம். அதே ஒழுங்குதான் இங்கேயும்.

ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் 'தா செங் சி தாங்' கஷாயத்தில் ரேவல்சின்னிக் கிழங்கு, மாங் சியாவ் உப்பு, ஹோ போ பட்டை ஆகியவற்றோடு ஜி ஷி நிற்கிறது. மலச்சிக்கலும் வயிற்று இறுக்கமும் உச்சத்தில் இருக்கும்போது கொடுப்பது அது. அங்கே ஜி கேயை வைத்தால் வேகம் போதாது. பழைய நூல்களைப் படிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆரம்ப காலத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. முற்கால மருந்து முறைகளில் ஜி ஷி மட்டுமே இருந்தது, ஜி கே இல்லை என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோவே குறித்திருக்கிறார். எனவே மிகப் பழைய முறையில் 'ஜி ஷி' என்று கண்டதும் இன்றைய பிஞ்சைத்தான் சொல்கிறது என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

இன்னொன்று: இரண்டும் சற்றே குளிர்ச்சி. வெப்பம் நிறைந்த இந்தப் பட்டியலில் இது கவனிக்கத்தக்கது.

கடையில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. சிங் பியா ஜி ஷியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உதிர்ந்த பிஞ்சாகவே காயவைத்த சிங் பிக்கும் ஜி ஷிக்கும்தான் இந்தக் குழப்பம் வரும். சற்று வளர்ந்த காயின் தோலை நான்கு இதழாகக் கீறி உலர்த்திய சிங் பியில் குழப்பமே இல்லை.

வெட்டிப் பாருங்கள். சிங் பிப் பிஞ்சில் தோல் மெல்லியது, 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். உள்ளே எட்டு முதல் பத்துச் சுளைகள் தெரியும். ஜி ஷியில் வெள்ளைச் சதை தடித்திருக்கும், 3 முதல் 12 மில்லிமீட்டர் வரை. வெட்டிய விளிம்பு சற்றே புடைத்து வெளியே வரும். சுளைப் பகுதி நடுவில் பழுப்பாகச் சுருங்கியிருக்கும். ஜி ஷியின் குறுக்களவு அரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை. 3 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் அது ஜி கே. முழு உருண்டையாகவே தந்து, வெட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது.

மூ சியாங், சியாங் ஃபூ: இரண்டிலும் 'சியாங்' இருக்கிறது, இரண்டும் வயிற்று வலிக்குத்தான். எதை எப்போது?

மூ சியாங் நம் மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேர். சியாங் ஃபூ நம் வயல் கோரைக்கிழங்கு. மூ சியாங் செரிமானப் பாதையின் மூலிகை: வயிறு, மண்ணீரல், பெருங்குடல். உப்பல், குடல் முறுக்கல், வயிற்றுக்கடுப்பில் போகவேண்டும்போல் இருந்தும் போக முடியாத அவதி ஆகியவை அதன் வேலை. கசப்பான ஹுவாங் லியன் வேரோடு அதைச் சேர்த்த 'சியாங் லியன்' மாத்திரை வயிற்றுக்கடுப்புக்குப் புகழ்பெற்றது. பச்சையாகப் பயன்படுத்தினால் நகர்த்தும். சுட்டுப் பதப்படுத்தினால் பேதியைக் கட்டும்.

சியாங் ஃபூ கல்லீரலின் மூலிகை. மனக்கசப்பில் தொடங்கும் விலா இறுக்கம், மாதவிலக்குக்கு முன் மார்பு விம்மல், மாதவிலக்கு வலி, ஒழுங்கின்மை. வெப்பமும் அல்ல, குளிர்ச்சியும் அல்ல, நடுநிலை. அதனால் மற்றவற்றோடு எளிதாக இணங்கும். 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிஜென் இதனை ஆற்றல் நோய்களின் தலைமை அதிகாரி, பெண்கள் மருத்துவத்தின் படைத்தலைவர் என்று புகழ்ந்தார். அவருக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஜூ தான்சி, ஆறு வகைத் தேக்கத்துக்கும் வகுத்த 'யுவே ஜூ' மாத்திரையில் ஆற்றல் தேக்கத்துக்கு நிறுத்தியது இதைத்தான்.

நோயாளியிடம் கேட்க வேண்டியது இதுதான்: வலி சாப்பாட்டோடும் மலத்தோடும் ஏறி இறங்குகிறதா, மனநிலையோடும் மாதச் சுழற்சியோடும் ஏறி இறங்குகிறதா? முதலாவது மூ சியாங், இரண்டாவது சியாங் ஃபூ.

கோரைக்கிழங்கு நம் ஊரில் களையாக முளைக்கிறது. அதையே தோண்டிச் சியாங் ஃபூவாகப் பயன்படுத்தலாமா?

செடி ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் முத்தக்காசு என்ற பெயரில் இதே கிழங்கு காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் செரியாமைக்கும் சேர்க்கப்படுகிறது. சீனர்கள் அதை முதன்மையாகக் கல்லீரலுக்கும் மாதவிலக்குக்கும் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் வினிகரில் ஊறவைத்து வறுத்துக் கொடுக்கிறார்கள். ஒரே கிழங்கை இரண்டு மரபுகள் வெவ்வேறு நோக்கில் பார்த்திருக்கின்றன. ஒன்று சொல்லும் குணங்களை எடுத்து இன்னொன்றின் கூட்டு மருந்தில் ஒட்டவைப்பது இரண்டு மரபுக்கும் நியாயம் செய்யாது.

அகில், சந்தனம், பாக்கு, சடாமாஞ்சில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இவை சீன மருந்துப் பட்டியலிலும் இருக்கின்றன, நம் மருந்துப் பட்டியலிலும் இருக்கின்றன. தவிர, வயல் கோரையைச் சுற்றிக் களைக்கொல்லி தெளித்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

மூ சியாங் என்று நான்கைந்து பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒன்றா?

இல்லை. இந்த ஒரு விடையை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். யுன் மூ சியாங் என்பது யுன்னானில் பயிராகும் கோஷ்டம். குவாங் மூ சியாங் என்பதும் அதே செடிதான். முன்பு இந்தியாவிலிருந்து குவாங்சோ துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர். சுவான் மூ சியாங் சிச்சுவான் பக்கத்து உறவினச் செடி. தூ மூ சியாங் இன்னொரு செடி. இவை பயன்பாட்டில் நெருங்கியவை.

சிங் மூ சியாங் அப்படியல்ல. அது ஆடுதீண்டாப்பாளை இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் வேர். அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளமுடியாதபடி கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் மருந்தில் பெயர்க் குழப்பத்தால் இதே இனத்தின் வேறொரு வேர் கலந்து, பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சீன அரசு 2004இல் சிங் மூ சியாங்கின் மருந்துத் தகுதியை நீக்கியது. பழைய நூலில் அந்தப் பெயர் வந்தால் அந்த முறையைப் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெறும் 'மூ சியாங்' என்று கேட்காமல், தாவரவியல் பெயர் அச்சிட்ட பொட்டலமாகக் கேளுங்கள். இமயமலைக் காடுகளில் தானாக வளரும் கோஷ்டம் அழிவின் விளிம்பில் இருப்பதால், அதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பயிரிட்டதையே வாங்க வேண்டும்.

வூ யாவ், சென் சியாங் இரண்டும் குளிர்ச்சியால் வரும் வலிக்கு என்று படித்தேன். அப்புறம் என்ன வித்தியாசம்?

இரண்டும் வெப்பம், இரண்டும் சிறுநீரகம் வரை இறங்குகின்றன. ஆனால் நாம் மேலே சொன்ன திசைக் கேள்வியைப் போடுங்கள். சென் சியாங் என்பது அகில் கட்டை, காயம்பட்ட மரத்தில் பிசின் ஊறி இறுகிய பகுதி. நல்லது தண்ணீரில் மூழ்கும். மேலேறும் ஆற்றலைக் கீழே இறக்குவதே அதன் சிறப்பு: விக்கல், வாந்தி, சிறுநீரகம் மூச்சைப் பிடித்துவைக்க முடியாமல் வரும் இரைப்பு. கஷாயம் இறக்கும் தறுவாயில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மணம் ஆவியாகிவிடும். விலை மிக அதிகம். அதனால் போலியும் அதிகம்.

வூ யாவ் ஒரு புதர்ச்செடியின் கிழங்கு போன்ற வேர். ஜெஜியாங் மாநிலத்தின் தியான்தாய் மலைச்சரக்கு பெயர் பெற்றது. அது இறக்குவதைவிட, குளிரைச் சிதறடித்து அடிவயிற்றைத் தளர்த்துகிறது. விரை, குடலிறக்க வலி, மாதவிலக்குக் குளிர்வலி, அடிக்கடி சிறுநீர் போவது. கடைசியாகச் சொன்னதற்கு 'சுவோ சுவான்' மாத்திரையில் இது யி ஜி விதையோடும் சீன வள்ளிக்கிழங்கோடும் சேர்கிறது. மேலே ஏறுவதற்கு சென் சியாங், கீழே உறைந்ததற்கு வூ யாவ். இரண்டும் சேரும் 'சி மோ தாங்' முறையும் உண்டு.

சென் பியையும் சென் சியாங்கையும் பெயர் ஒலியால் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. ஒன்று பழத்தோல், மற்றொன்று மரக்கட்டை. குறிப்பேட்டில் இரண்டையும் தள்ளித் தள்ளி எழுதுங்கள்.

நெஞ்சு இறுக்கத்துக்கு இந்த வகையில் எது?

திடீர் நெஞ்சு வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் மூலிகைப் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை. இருதயத்தைச் சோதித்து, ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்ற பேச்சு.

மரபில் நெஞ்சுக்கு உரியது சியே பை, வெங்காய இனத்தின் சிறு பூண்டு. ஜாங் ஜோங்ஜிங் அதைக் குவா லோ பழத்தோடும் வெண்மதுவோடும் சேர்த்தார். சந்தனமான தான் சியாங் நெஞ்சுக்கும் மேல்வயிற்றுக்கும் நடுவே, குளிரால் வரும் வலிக்கு. சியே பை நெஞ்சில் அடைந்த சளியைத் திறக்கும். தான் சியாங்குக்கு அந்த வேலை கிடையாது.

பெரும்பாலானவை வெப்பம் என்கிறீர்கள். உடம்பு ஏற்கெனவே சூடாக இருப்பவருக்கு?

சுவான் லியன் சி. மலைவேம்பு இனத்தின் காய். கசப்பு, குளிர்ச்சி. வாய்க்கசப்பு, எரிச்சல், சிவந்த நாக்கு, நாக்கில் மஞ்சள் படிவு ஆகியவற்றோடு விலாவோ அடிவயிறோ வலித்தால் மரபு இதைத்தான் எடுக்கிறது. யான் ஹு சுவோ கிழங்கோடு சேர்ந்த 'ஜின் லிங் சி' பொடி அதன் புகழ்பெற்ற வடிவம்.

இது நச்சுத்தன்மை உள்ளது. இதிலுள்ள தூசென்டனின் என்ற பொருள் குடற்புழு மருந்தாகவே பயன்பட்டது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் வலிக்கு மருந்தென்று படித்துவிட்டு, கல்லீரல் நோயாளிக்கே இதைக் கொடுக்கும் விபரீதம் நடக்கக் கூடாது. சீன மரபின் 'கல்லீரல்' ஒரு செயல்தொகுதி. இரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் வேறு.

ஃபோ ஷோ, சியாங் யுவான், ரோஜா மொட்டு: இவற்றைப் பிரிக்க வேண்டிய அவசியம் உண்டா?

குறைவுதான். மூன்றும் மென்மையானவை, கல்லீரலையும் வயிற்றையும் சேர்த்துத் தளர்த்துபவை. விரல் விரலாகப் பிரியும் ஃபோ ஷோவும் உருண்டைச் சிட்ரானான சியாங் யுவானும் சளியையும் ஓரளவு கவனிக்கின்றன. சியாங் யுவான் சளியில் சற்றுக் கூடுதல், ஃபோ ஷோ வலியில் சற்றுக் கூடுதல். ரோஜா மொட்டு இரத்த ஓட்டத்தையும் தொடும், எனவே மாதவிலக்குப் பக்கம் சாயும். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் சிங் பிக்குப் பதில் இவற்றை நினைக்கலாம்.

ஒருவருக்குக் களைப்பும் இருக்கிறது, வயிறும் உப்புகிறது. நகர்த்துவதா, ஊட்டுவதா?

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். ஆற்றல் குறைந்தவருக்கும் வயிறு உப்பும், தள்ளிவிடும் வலு இல்லாததால். காலையில் லேசாக இருந்து மாலையில் கூடும் உப்பல், அழுத்தினால் இதமாக இருப்பது, இளகிய மலம், வெளுத்த நாக்கு இவையெல்லாம் குறைவைக் காட்டுகின்றன. அங்கே சிங் பியையும் ஜி ஷியையும் போட்டால் இருக்கும் கொஞ்சமும் சிதறிப்போகும். காரமும் மணமும் உள்ள மூலிகைகள் நீர்ப்பசையையும் உலர்த்தும் என்பதால் வாய் வறண்டவர்களிடமும் கவனம் வேண்டும்.

இரண்டும் கலந்த நிலைக்கு ஜி ஷியும் பை ஜூ கிழங்கும் சேர்ந்த இணையைப் பாருங்கள். மேல்வயிற்றில் தட்டுப்போல் கெட்டியாக நீர் தேங்கி நிற்பதற்கு ஜாங் ஜோங்ஜிங் தந்த கஷாயத்தில் நகர்த்தும் ஜி ஷியின் கை ஓங்கியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து ஜாங் யுவான்சு என்ற மருத்துவர் அதே இரண்டையும் மாத்திரையாக்கி, ஊட்டும் பை ஜூவை ஜி ஷியைப் போல் இருமடங்கு வைத்தார். அதே இரண்டு மூலிகைகள், அளவு மாறியதும் மருந்தின் நோக்கமே மாறிவிட்டது. கஷாயம் தேக்கத்தை உடைக்க, மாத்திரை மண்ணீரலை வலுவாக்க.

ஊட்ட மருந்துகளில் நகர்த்தும் மூலிகையைச் சிறிதளவு சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். 'குய் பி தாங்' முறையில் மூ சியாங், 'பூ ஜோங் யி சி தாங்' முறையில் சென் பி. ஊட்டப் பொருள்கள் வயிற்றில் கனமாகத் தங்கிவிடாமல் அவை பார்த்துக்கொள்கின்றன.

ச்சாய் ஹூவும் ஹோ போவும் ஆற்றலை நகர்த்துகின்றனவே, ஏன் இந்த வகையில் இல்லை?

பாடநூல்கள் ஒரு மூலிகையை அதன் முதன்மை வேலையை வைத்து ஓர் அறையில் அடைக்கின்றன. ச்சாய் ஹூ வேர் காய்ச்சலை வெளியேற்றும் வகையில் இருக்கிறது, ஹோ போ ஈரத்தை அகற்றும் வகையில், பாக்குக் கொட்டையான பிங் லாங் புழுக்கொல்லி வகையில். பாக்கின் மேல்மட்டையான தா ஃபூ பி மட்டும் இங்கே வந்திருக்கிறது. வகை என்பது பாடம் நடத்தும் வசதிக்காக. நோயாளி எதிரே உட்காரும்போது அந்த வேலிகள் இருப்பதில்லை. 'சி நி சான்' பொடியில் ச்சாய் ஹூ மேலே தூக்க, ஜி ஷி கீழே இறக்குகிறது. ஒன்று இந்த வகை, மற்றொன்று வேறு வகை. இரண்டும் சேர்ந்துதான் நடுவே சிக்கியதை விடுவிக்கின்றன.

கர்ப்பிணிகளும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் எதைத் தவிர்க்க வேண்டும்?

கர்ப்ப காலத்தில் ஜி ஷி, ஜி கே இரண்டுக்கும் சீன மருந்துக் கையேடே எச்சரிக்கை தருகிறது. சிங் பி போன்ற வலுவான மற்றவற்றையும் தள்ளிவைப்பதே பொதுப் பழக்கம்.

கசப்பு ஆரஞ்சில் சினெஃப்ரின் என்ற பொருள் உண்டு. 2004இல் அமெரிக்காவில் எஃபெட்ரா என்ற மூலிகை கலந்த எடைக் குறைப்புப் பொருள்கள் தடைசெய்யப்பட்ட பிறகு, அதன் இடத்தில் கசப்பு ஆரஞ்சுச் சாரம் வந்தது. செறிவான மாத்திரை வடிவில் அது இருதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். கசப்பு ஆரஞ்சுச் சாறு சில மருந்துகள் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தவும் செய்யும். இருதய நோயாளிகள், அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோர் தம் மருத்துவரிடம் சொல்லாமல் ஜி ஷியைத் தொடவே கூடாது.

கோபம் வந்தால் விலா இறுகுகிறது, ஐஸ் தண்ணீர் குடித்தால் மேல்வயிறு வலிக்கிறது, வெந்நீர்ப் பை வைத்தால் குறைகிறது. இதற்கு எந்த மூலிகை என்று தேர்வில் கேட்டார்கள். மூ சியாங் எழுதினேன், மதிப்பெண் தரவில்லை. ஏன்?

வலி வயிற்றில் என்பதால் மூ சியாங்கை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் தொடக்கமே கோபமும் விலாவும். அது கல்லீரல், ஆகவே சியாங் ஃபூ வேண்டும். அடுத்து ஐஸ் தண்ணீரும் வெந்நீர்ப் பையும் குளிரைக் காட்டுகின்றன. சியாங் ஃபூ நடுநிலை என்று முன்பு பார்த்தோம், தனியாக அது குளிரை விரட்டாது. வெப்பமுள்ள துணை ஒன்று வேண்டும். அந்தத் துணை சிற்றரத்தை. இரண்டும் சேர்ந்தது 'லியாங் ஃபூ' மாத்திரை. தேர்வு எதிர்பார்த்த விடை அதுதான்.

அதே மாத்திரைக்குள்ளும் அளவு நிலையானது அல்ல. குளிர் மேலோங்கினால் சிற்றரத்தையைக் கூட்டுவார்கள், மனக்கசப்பு மேலோங்கினால் சியாங் ஃபூவைக் கூட்டுவார்கள். கேள்வியில் வாய்க்கசப்பும் சிவந்த நாக்கும் இருந்திருந்தால் இந்த விடையும் தவறாகியிருக்கும். சுவான் லியன் சி பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.